மூணாவது தவணையும் ஆறாவது நகர்த்தலும்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதில் ஒரு தனி சுகம். வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல் ஊத்துக்குளிப் பக்கமிருந்து வரும். மாவு ஆட்டுவது மாம்பலத்து மாமி. நடுவில் நாங்கள் ஒரு மோட்டாரைச் சுற்றி மாட்டி, 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடே வாங்கிவிட்டோம். சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது ருசி என்போம். முதல் ருசி எந்த ஊர் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம்.

இந்தக் கணக்கில்தான் பீளமேட்டு பேக்கரியில் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே ஒரு பெரியவர் எனக்கு அறிவித்தார்: "இந்தியாவோட மொதக் கிராண்ட்மாஸ்டரு எங்கூர்லதானுங்க தம்பி தயாரானாரு."

விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறை, 1969 டிசம்பர் 11. காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர் அம்மா சுசீலா. அப்பாவின் வேலை காரணமாகச் சில காலம் மணிலாவில் வாசம். அங்கே டிவியில் செஸ் புதிர் போடுவார்கள். சரியான விடைக்கு ஒரு புத்தகம் பரிசு. பையன் வாராவாரம் விடை அனுப்பிப் பரிசை அள்ள, கடைசியில் நிகழ்ச்சிக்காரர்கள் கூப்பிட்டு, "வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கோ ராசா, இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே" என்று கும்பிட்டு அனுப்பியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு சென்னை, டால் செஸ் கிளப், லயோலா கல்லூரி. 1987இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் உலக ஜூனியர் பட்டம். இத்தனை நீளப் பயணத்தில் எங்கள் ஊர் அவினாசி ரோடு எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். கடைசி ஸ்டாப்பில் வருகிறது.

கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிட்டத்தட்ட லாரி வாங்குகிற மாதிரி. ரொக்கமாகக் கொட்டி வாங்க முடியாது, 'நார்ம்' என்ற பெயரில் மூன்று தவணை கட்ட வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு போட்டி. அதில் கிராண்ட்மாஸ்டர்கள் இத்தனை பேர், பிற நாட்டார் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று உலக செஸ் சம்மேளனமான ஃபிடே வட்டிக்கடைக்காரரை விடக் கறாராகக் கணக்கு வைத்திருக்கிறது. அவர்கள் நடுவே உட்கார்ந்து, குறித்த புள்ளியை எடுத்தால் ஒரு ரசீது. மூன்று ரசீதும் சேர்ந்து, ரேட்டிங்கும் சரியாக இருந்தால் ஆர்.சி. புக் உங்கள் பேருக்கு மாறும்.

அன்றைய இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர் என்று ஒரு ஆள்கூட இல்லை. மானுவல் ஆரோன் 1961இல் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அதற்கப்புறம் கால் நூற்றாண்டு, மேல்படி காலியாகவே கிடந்தது. தவணை கட்ட வேண்டுமானால் விமானம் ஏறி ஐரோப்பா போக வேண்டும், அல்லது ஐரோப்பாவை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவர வேண்டும். இரண்டாவது காரியத்தைச் செய்தது சக்தி ஃபைனான்ஸ். 1955இல் 'பொள்ளாச்சி கிரெடிட் சொசைட்டி' என்று ஆரம்பித்து, லாரிக்கும் பஸ்ஸுக்கும் கடன் கொடுத்து வளர்ந்த கம்பெனி. 1987 டிசம்பரில் அவர்கள் கோவையில் நடத்திய சர்வதேசப் போட்டியில் ஆனந்த் முதலாவதாக வந்தார். 18 வயது நிரம்பிய அதே மாதம் மூன்றாவது தவணையும் கட்டி முடிந்தது. 1988 பிறந்தபோது இந்தியாவிடம் ஒரு கிராண்ட்மாஸ்டர் இருந்தார். தவணையில் லாரி வாங்கிக் கொடுக்கிறவர்கள் தவணையில் கிராண்ட்மாஸ்டர் வாங்கிக் கொடுத்த கதை உலகத்தில் வேறெங்கும் உண்டா, எனக்குத் தெரியவில்லை.

"மீதி ரெண்டு தவணை எங்கீங்க கட்டினாரு?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"அதெதுக்கு தம்பி? கடைசி டியூ எங்க கட்டினதோ அதுதானுங்க ஊரு."

இது வரைக்கும் வரலாறு. இனி என் கதை.

1992. பீளமேட்டில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தேன். பீளமேட்டுக்குப் பாகப்பிரிவினையில் ஒரு கௌரவமான வரலாறு உண்டு. பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நான்கு பேர் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதிவைத்தார்கள். 1926இல் தொடங்கிய அந்த அறக்கட்டளையிலிருந்துதான் பி.எஸ்.ஜி. கல்லூரிகள் எல்லாம் கிளைத்தன. நானும் அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் அறைத் தோழனும் 1992இல் செய்த பாகப்பிரிவினையில் தர்மத்துக்குப் பங்கு வைக்கவில்லை. எங்களுக்கே பற்றவில்லை.

பிரித்தது ஒரு செஸ் புத்தகம். யாரோ யாரிடமோ இரவல் வாங்கி, மறுநாள் காலை திருப்பித் தந்தாக வேண்டிய புத்தகம். குறுகிய ஆட்டங்களின் தொகுப்பு. விரித்து வைத்தால் ஒரு தாளில் இரண்டு பக்கம் ஜெராக்ஸ் விழும். 60 தாள், தாளுக்கு 50 பைசா, 30 ரூபாய். ஆளுக்கொரு பிரதி என்றால் 60 ரூபாய். கொங்கு ரத்தம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரே பிரதி, ஆளுக்கு 15 ரூபாய், தாளைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்வது, படித்துவிட்டு மாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம். மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்தால் கிணறு எவன் பக்கம் போகிறது என்று தகராறு வருமே! அதனால் ஒற்றைத் தாள் எனக்கு, இரட்டைத் தாள் அவனுக்கு என்று பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டோம். அன்றிலிருந்து அவனுக்கு 'பங்காளி' என்றே பேர். பங்காளி என்று பேர் வைத்தால் அதற்குரிய குணமும் வந்துவிடும் போலிருக்கிறது. அந்த வாரமே ஒரு மெஸ் டோக்கன் விஷயமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. தாள் மாற்றிக்கொள்வதும் நின்றது.

என் பங்கில், 47ஆம் பக்கத்தின் அடியில், ஒரு ஆட்டம் ஆரம்பித்தது. வெள்ளை ஸபாட்டா, கறுப்பு ஆனந்த். கீழே ஊரும் வருடமும். வருடம் 1988 என்று தெளிவாக இருந்தது. ஊர்ப் பெயரின் மேல் ஜெராக்ஸ் மெஷினின் கறுப்புத் தீற்றல் விழுந்து, 'பீல்' என்று மட்டும் படிக்க முடிந்தது.

நான் என்ன நினைப்பேன்? பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூ மண்டிக் கிடந்த மேடு, பூளைமேடாகி, வாயில் தேய்ந்து பீளமேடு ஆனது என்பார்கள். வெளிநாட்டு அச்சகத்தில் இன்னும் கொஞ்சம் தேய்ந்து 'பீல்' ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். பெரியவர் பேக்கரியில் சொன்னதற்கு எழுத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது! ஆனந்த் எங்கள் ஊரில் ஆடிய ஆட்டம், எங்கள் ஊரில் ஜெயித்த ஆட்டம். கறுப்பின் ஐந்தாவது நகர்த்தலோடு பக்கம் முடிந்துபோனது. பரவாயில்லை, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஐந்தையும் நெட்டுருப் போட்டேன்.

அந்த ஆட்டத்தின் ஓப்பனிங்குக்குப் பெட்ரோவ் டிஃபென்ஸ் என்று பெயர். கட்ட எண்களைச் சொல்லிக் கொல்லாமல் நம்மூர்ப் பாஷையில் சொல்கிறேன். இரண்டு பேரும் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள். வெள்ளை ஒரு குதிரையை எடுத்து, கறுப்பின் சிப்பாய்க்கு மிரட்டல் வைக்கிறது. சாதாரண மனிதன் தன் சிப்பாயைக் காப்பாற்றத்தான் ஓடுவான். பெட்ரோவ்காரன் ஓட மாட்டான். தன் குதிரையை எடுத்து வெள்ளையின் சிப்பாய்க்கு மிரட்டல் வைப்பான். பக்கத்துக் காட்டுக்காரன் நம் வரப்பை வெட்டினால் தாசில்தாரிடம் மனுக் கொடுக்காமல், ராத்திரியோடு ராத்திரியாக அவன் வரப்பை வெட்டுகிற நியாயம். கொங்கு மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஓப்பனிங் கிடையாது.

அலெக்சாண்டர் பெட்ரோவ் 1794இல் பிறந்த ரஷ்யர். ஆனால் இந்த ஆட்டம் அவர் சரக்கு அல்ல. 1512இல் ரோம் நகரில் அச்சான புத்தகத்தில் போர்ச்சுகீசிய மருந்துக்கடைக்காரர் டாமியானோ இதை எழுதியாயிற்று. பாவம் டாமியானோவுக்கு வேறொரு கொடுமை நடந்தது. 'இதை மட்டும் ஆடித் தொலைக்காதீர்கள்' என்று அவர் கண்டித்து எழுதிய இன்னொரு தற்காப்புக்கு, அவர் பெயரையே வைத்து டாமியானோ டிஃபென்ஸ் ஆக்கிவிட்டார்கள். பெட்ரோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து ஓடியதை வைத்து 1824இல் ஒரு செஸ் புதிர் செய்தவர் அவர். வெள்ளைக் குதிரைகள் கறுப்பு ராஜாவைப் பலகையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு விரட்டிக்கொண்டே போகும். நடுவில் சீக்கிரமே கதையை முடிக்க ஒரு வழி இருக்கும், வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். ரஷ்யத் தளபதிகள் பெரெசினா ஆற்றங்கரையில் நெப்போலியனைக் கோட்டை விட்டதற்கு அப்படி ஒரு குத்தல்.

இந்த ஓப்பனிங் இந்தியாவுக்கும் புதிதல்ல. 1848இல் கல்கத்தாவில், ஸ்காட்லாந்து வக்கீல் ஜான் காக்ரேனும் வங்காளி மகேஷ்சந்திர பானர்ஜியும் உட்கார்ந்து இதை ஆடியிருக்கிறார்கள். நாலாவது நகர்த்தலில் வக்கீல் தன் குதிரையைக் கொண்டுபோய்க் கறுப்பு ராஜாவின் வாசலிலேயே தற்கொலை செய்யவைத்தார். அதற்கு இன்று காக்ரேன் கேம்பிட் என்று பெயர். எதிரே உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டவர் பேர் இதில் வரவில்லை. இருந்தாலும் பானர்ஜி அந்த வக்கீலுக்கு எதிராக ஆடிக் காட்டிய வேறு தற்காப்புகளால்தான் 'இந்தியன் டிஃபென்ஸ்' என்ற சொல்லே செஸ்ஸுக்குள் வந்தது என்பார்கள்.

நம் விடுதிக்கு வருவோம். பிளாக்குகளுக்கு இடையே செஸ் போட்டி. கால் இறுதியில் எனக்கு எதிரே பங்காளி. மெஸ் மேஜையில் அட்டைப் பலகை. கறுப்பில் ஒரு குதிரை காணாமல்போய்ப் பல மாதம் ஆகியிருந்ததால், வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்த ஒரு பெரிய நட்டுதான் குதிரை. இரும்பு வாசம் அடிக்கும் குதிரை. எனக்குக் கறுப்பு விழுந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஆடுவதைப் பார்க்கக் கூட்டம் வேறு. தோற்றவன் ஜெயித்தவனுக்கு ஒரு டீ, ஒரு தேங்காய் பன்.

சிப்பாய், சிப்பாய். அவன் குதிரையை எடுத்தான், நான் நட்டை எடுத்தேன். அவன் என் சிப்பாயை வெட்டினான். இந்த இடத்தில் பதிலுக்கு உடனே வெட்டக் கூடாது, வெட்டினால் ராணியே போகிற ஆபத்து உண்டு. டாமியானோ காலத்திலிருந்தே தெரிந்த பொறி இது. நான் ஒரு சிப்பாயைத் தள்ளி அவன் குதிரையை முதலில் விரட்டினேன். அது பின்வாங்கியது. இப்போது என் நட்டு அவன் சிப்பாயை வெட்டிவிட்டு நடுப் பலகையில் கம்பீரமாக உட்கார்ந்தது. அவன் இன்னொரு குதிரையைக் கொண்டுவந்து நட்டை உரசினான். ஐந்தாவது நகர்த்தல். நான் யோசிக்கவே இல்லை. ஆனந்த் என்ன செய்தாரோ அதைச் செய்தேன். மந்திரியை நீட்டமாக இழுத்து நட்டுக்குப் பக்கத்தில் காவலுக்கு வைத்தேன். அதுவரை என் முகத்தைப் பார்க்காதவன் நிமிர்ந்து பார்த்தான்.

பிறகு ராணியை ஒரே ஒரு கட்டம் முன்னால் நகர்த்தி, ராஜாவுக்கு நேர் எதிரே நிறுத்தினான்.

அப்போதுதான் பலகையை முதல் முறையாகப் பார்த்தேன். நட்டுக்குப் பின்னால், நடுவில் ஒரு தூசி துரும்பு இல்லாமல், என் ராஜா. நட்டு எழுந்தால் ராஜாவுக்குச் செக். எழவே முடியாது, போல்ட்டில் ஏறி இறுகிவிட்டது. அதை அடிக்க அவனுக்கு ராணியும் குதிரையும் இரண்டு ஆள், காக்க எனக்கு மந்திரி ஒரு ஆள். என் ராணியை நடுவில் கொண்டுவந்து மறைத்தால், அவன் குதிரை ஒரு தாவலில் ராணி மேலேயே வந்து நிற்கும். பின்னாலிருந்து சிப்பாயைத் தள்ளி முட்டுக் கொடுத்தால், அவனும் ஒரு சிப்பாயைத் தள்ளி நட்டைக் கழற்றிக்கொள்வான். எப்படிப் பார்த்தாலும் ஒரு காய் சும்மா போகிறது.

"ஏண்டா அந்த மந்திரிய எடுத்தே?" மெஸ் டோக்கனுக்குப் பிறகு பங்காளி என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஆனந்த் எடுத்தாரு."

"அப்புறம்?"

"ஜெயிச்சாரு."

"48ஆம் பக்கம் பாத்தியா?"

"அது உன் பங்கு."

அறைக்கு ஓடிப்போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தான். அவன் தாளின் தலையில் ஒரே ஒரு வரி. வெள்ளையின் ஆறாவது நகர்த்தல், ராணி ஒரு கட்டம் முன்னால். அதோடு கறுப்பு சரண். 47ஆம் பக்கம் இல்லாததால் தோற்ற புண்ணியவான் யார் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. என் முகத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்ததாம்.

ஊரும் அப்போதுதான் விளங்கியது. கொலம்பிய கிராண்ட்மாஸ்டர் அலோன்ஸோ ஸபாட்டாவிடம் ஆனந்த் ஆறே நகர்த்தலில் தோற்ற பீல், கைக்கடிகாரம் செய்கிற சுவிட்சர்லாந்துப் பட்டணம். எங்களுடையது பம்ப்செட் செய்கிற பீளமேடு. ஒரு கறுப்புத் தீற்றலில் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தேன்.

ஆனந்த் ஏன் அப்படி ஆடினார்? வருத்தத்தோடு சொல்கிறேன், அவரும் ஜெராக்ஸ்தான். அதற்கு முந்திய வருடம், 1987இல், சான் ஃபிரான்சிஸ்கோவில் டோனி மைல்ஸும் லாரி கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் கிறிஸ்டியன்சன் இதே ஐந்தாவது நகர்த்தலை ஆடியிருந்தார். மைல்ஸ் சாமானியர் அல்ல. உலக சாம்பியனாக இருந்த கார்ப்போவுக்கு எதிராக 1980இல் ஓரத்துச் சிப்பாயைக் கிண்டலாக ஒரு கட்டம் தள்ளி ஆரம்பித்து, ஜெயித்தும் காட்டிய குசும்பர். அப்பேர்ப்பட்டவர் ராணியை ஒரு கட்டம் நகர்த்தாமல், சாதுவாகக் குதிரையை மாற்றிக்கொண்டு, 20ஆவது நகர்த்தலில் டிராவுக்குக் கை கொடுத்தார். டிரா என்று இரண்டு பேரும் முன்னாடியே பேசி வைத்திருந்தார்கள் என்று செஸ் உலகத்தில் ஒரு பேச்சு உண்டு. பேசி வைத்த ஆட்டத்தில் ராணி எதற்கு வேலை செய்யப்போகிறது? ஆட்டம் அச்சில் ஏறியது. அச்சில் ஏறியதை ஆனந்த் நம்பினார். ஆனந்த் ஆடியது இன்னொரு புத்தகத்தில் ஏறியது. அதை நான் நம்பினேன். மூன்றாம் பிரதி என்பதால் எழுத்து மங்கலாகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர், விற்கிறவர் சொந்த மாமனாகவே இருந்தாலும் மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணாமல் கயிற்றைக் கையில் வாங்க மாட்டார். உலக ஜூனியர் சாம்பியன், இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், மின்னல் வேகக்காரர், பல்லை எண்ணவில்லை. வேகம்தான் காரணம் என்பது என் கட்சி. அந்த வயதில் அவர் ஒரு முழு ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்றவர்கள் ஒரு காயைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

இதனால் அவர் தலை ஒன்றும் இறங்கிவிடவில்லை. 2000இல் ஆரம்பித்து ஐந்து முறை உலகப் பட்டம் வாங்கினார். அதற்கும் முன்னோடி உண்டு. 1933 ஃபோக்ஸ்டோன் ஒலிம்பியாடில் ஸ்காட்லாந்தின் ராபர்ட் காம்ப், லாட்வியாவின் ஹாசன்ஃபஸிடம் நாலே நகர்த்தலில் தோற்றார். 1946இல் அதே காம்ப் பிரிட்டிஷ் சாம்பியன். ஆறு நகர்த்தலில் தோற்ற நான் மட்டும் எந்தச் சாம்பியனும் ஆகவில்லை.

அண்மையில் பீளமேட்டுக்குப் போயிருந்தேன். அவினாசி ரோட்டின் தலைக்கு மேல் பாலம் வந்துவிட்டது. பேக்கரி இருந்தது, பெரியவரும் இருந்தார், தேங்காய் பன்னும் இருந்தது. இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர்கள் 85ஐத் தாண்டிவிட்டார்கள் என்றேன். 2019இல் 61ஆவதாக வந்த இனியன் ஈரோட்டுப் பையன் என்றேன். "ஈரோடு 79 வரைக்கும் கோயம்புத்தூர் ஜில்லாதானுங்க" என்று கையோடு ஸ்டிக்கரை ஒட்டினார். அதற்கு மேல் பொறுக்க முடியாமல், அவருடைய முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கிய சில மாதங்களிலேயே ஆறு நகர்த்தலில் தோற்ற கதையை முழுசாகச் சொன்னேன்.

நிதானமாகக் கேட்டார். டீயை முடித்தார்.

"எங்க நடந்துதுன்னீங்க?"

"பீல்ங்க. சுவிட்சர்லாந்து."

"அப்புறமென்னுங்க தம்பி? டியூ கட்டி முடிச்ச வண்டிய எங்க கொண்டுபோயி மோதினாலும் ஃபைனான்ஸ்காரனுக்குச் சம்மந்தமில்லீங்க."

தேங்காய் பன்னுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.